ஆற்று மணலில் கிடைத்த இன்ஜின்

1993-ஆம் வருடம், மாசி மாதம். ஏரலுக்குக் கிழக்கே தாமிரபரணியில் மணல் அள்ளியவர்களின் மண்வெட்டியில் ஒரு இன்ஜின் தட்டுப்பட்டது. முந்தின மழைக்காலத்து வெள்ளம் எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இன்ஜினைக் காவல் நிலைய வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, எந்த வண்டியுடையது என்று பார்த்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். நான் அப்போது மோட்டார் வாகன ஆய்வாளர். ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. எந்தப் படிவத்தில் எத்தனையாவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதற்காக எல்லோரும் என்னை மெச்சுகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் போனபோது வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நெற்றியில் குங்குமம், கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் வண்டியின் ஆர்.சி. புத்தகம். வெள்ளத்தன்று வேனில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் போன அவருடைய கணவர் திரும்பவில்லை. வேனும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த ஊர், தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. மனுஷன் வெள்ளத்தைச் சாக்காக வைத்து, வண்டியை விற்றுவிட்டு, யாரோ ஒருத்தியோடு கேரளாவுக்குப் போய்விட்டான் என்பது அந்த முடிவு.

"ஓடிப்போயிட்டாவன்னு பேசுதாவ சார். இது அவிய வண்டிதான்னு நீங்க எழுதிட்டியன்னா போதும்" என்றார்.

கணவன் செத்துவிட்டான் என்று எழுதித் தரச் சொல்லி ஒரு பெண் கேட்கிறார் என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. நான் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கேட்டேன்.

இன்ஜினில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று, உளியால் குத்துவது. அது அந்த ஒரு இன்ஜினுக்கு மட்டுமே உரியது. மற்றது, இரும்பை உருக்கி ஊற்றும்போதே புடைத்து வருவது. என்ன மாதிரி, எந்த மாதம், எந்த வருடம் வார்த்தது என்பதை அது சொல்லும். யாருடைய வண்டி என்று சொல்லாது. குத்திய எண்ணை ஆற்று மணல் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. வார்ப்பு எண் மட்டும் மிச்சம். சுண்ணாம்புக்கட்டியைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்த்ததும் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தது. வார்த்த வருடம் எண்பத்தாறு. ஆர்.சி. புத்தகத்தில் வண்டி தயாரித்த வருடம் எழுபத்தொன்பது.

"இது உங்க வண்டி இல்லைம்மா" என்றேன்.

அவரோடு வள்ளியூரில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவரும் வந்திருந்தார். "சார், பழைய இன்ஜின் பிளாக்கு வெடிச்சுப்போச்சு. நான்தான் வேற பிளாக்கு மாத்துனேன். இந்தா, இந்த மவுண்டிங்கைப் பாருங்க, ஒட்டுப் போட்டது என் கைதான்" என்று, இன்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கிற இடத்தில் பாதி உடைந்து நின்ற இரும்பைக் காட்டினார்.

"மாத்துனதை ஆர்.சி.யில பதிஞ்சீரா?"

"அதெல்லாம் யாரு சார் பதியுதா?"

"பதியாதது நடக்கலவே. உம்ம பேச்சை நான் எந்தக் கட்டத்துல எழுத?"

பக்கத்தில் நின்ற ஏட்டையா சத்தமாகவே சிரித்தார். "அண்ணாச்சி, நீரு போவும். சாருக்கு மனுஷன் வாயில நம்பிக்கை கிடையாது, இரும்புதான் பேசணும்" என்றார் மெக்கானிக்கிடம். எனக்கு அது பிடித்திருந்தது. குறிப்பிட்ட வாகனத்தினுடையது அன்று என்று எழுதி, 'குறிப்புகள்' என்ற கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் ஆர்.சி. புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்து, பையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு பைய நடந்து போனார்.

அடுத்த வருடம் கோடையில் ஆறு நன்றாக வற்றியபோது, அதே இடத்துக்குக் கொஞ்சம் கீழே, வேனின் சட்டமும் நசுங்கிய கேபினும் கிடைத்தன. கேபினுக்குள் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. என் வேலை சட்டத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணே ஒன்று விடாமல் வந்தது.

பழைய இன்ஜின் அதே வேப்பமரத்தடியில் துருவேறிக் கிடந்தது. சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த உடைந்த மவுண்டிங் துண்டைக் கழற்றி, யாரும் சொல்லாமலே, அந்த இன்ஜினில் வைத்துப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட தழும்போடு சேர்ந்து கச்சிதமாகப் பொருந்தியது. ஏட்டையா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இடைப்பட்ட நாட்களில் என்ன நடந்தது என்பதை மெக்கானிக்தான் சொன்னார். வண்டி அவனுடையது இல்லையென்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டதால், ஓடிப்போன கதை ஊரில் உறுதியாகிவிட்டது. கணவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. பத்திரிகையில் சித்தப்பா பெயரை உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் போடுவதா, காலமானவர்கள் வரிசையில் போடுவதா என்று தெரியாமல், போடாமலே விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் கல்யாணத்துக்குப் போகவில்லையாம்.

அந்தப் பெண் நிலையத்துக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெற்றியில் முன்பு பார்த்த அதே குங்குமம். ஒரு வருடத்துக்கு மேலாக அது என் கையெழுத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

"இப்பமாவது எழுதிட்டியளா சார்?" என்று மட்டும் கேட்டார்.

எழுதிவிட்டேன் என்றேன். பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

இரும்பு பொய் சொல்லவில்லை. எப்போது பிறந்தேன் என்று மட்டும் அது சொன்னது. யாருடையது என்று சொன்னவன் நான். முதல் அறிக்கையின் நகலை அன்று கோப்பில் எடுத்துப் பார்த்தேன். மெக்கானிக்கின் பேச்சை எந்தக் கட்டத்தில் எழுத என்று கேட்டேன் அல்லவா, அதற்கென்றே அச்சடித்த கட்டம் அங்கே இருந்தது. 'இன்ஜின் பின்னர் மாற்றப்பட்டதாக மெக்கானிக் கூறுகிறார்' என்று எழுதியிருந்தால், மற்றதை விசாரிக்கிறவர்கள் விசாரித்திருப்பார்கள்.

ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது. இன்றும் வங்கியிலோ தபால் ஆபீசிலோ ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வரும்போது என் கை நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமல் போகவில்லை, இடம் இருந்தும் அதன் குறுக்கே கோடு இழுத்தவன் நான்தான்.