வசவுக்கு ஓர் ஆள்

செல்போனைத் தோளில் இடுக்கி, இரண்டு கைகளையும் கீபோர்டில் வைத்தபடி காசிமாயன் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறார். "வைங்க மேடம், நல்லா வைங்க. அதுக்குத்தேன் வருசத்துக்குக் காசு வாங்குறேன்."

மதுரை கே.கே. நகரில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளைச் சர்வர் கணினிகளில் ஏற்றிக் கொடுத்து, கெட்டுப்போனால் சரிபார்த்தும் கொடுக்கிறார். "ஓசிச் சாமானுக்கு எதுக்குய்யா கூலி?" என்று கேட்காத முதலாளி மதுரையில் உண்டா! அவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்க வேணாம்ண்ணே. நோவு வந்தா வைத்தியனுக்குக் குடுக்கணும்ல? ஓசிச் சாமான் கெட்டா வையிறதுக்கு ஆளு கெடைக்காது. நாந்தேன் அந்த ஆளு."

இன்று வைகிறவர் தாமரைச்செல்வி, பக்கத்துத் தெரு டயாலிசிஸ் மையத்தின் மேலாளர். கரண்ட் போய் வந்ததில் அங்கே சர்வர் படுத்துவிட்டது. பெட்டியைக் காலையிலேயே ஆட்டோவில் தூக்கி வந்துவிட்டார் காசிமாயன். யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது என்ற விவரமெல்லாம் அதற்குள்ளே. அது தெரியாமல் மெஷினைப் போட மாட்டேன் என்கிறார் டாக்டர்.

"நோயாளிக காலு வீங்கிப் போயி உக்காந்திருக்காகண்ணே. உங்களை நம்பித்தானே இதைப் போட்டோம்?" தாமரைச்செல்வியின் குரல் உடைந்தது. எந்த வசவையும் தாங்குகிற காசிமாயனுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

ஏனென்றால் இந்தக் கோளாறு அவருக்கே புதிது. கூலி வாங்காமல் ஊர்பேர் தெரியாதவர்கள் பதில் சொல்லும் இணையக் குழுவில் காலையிலேயே கேட்டுவிட்டார். ஒரு சத்தமும் இல்லை. அவர்களைப் போய் யார் வைவது? "அவுக என்ன, நம்மகிட்டக் காசா வாங்குனாக?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழுவின் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்.

மதியம் நெருங்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் இரண்டே வரி எழுதியிருந்தான். அதன்படி செய்தார். சர்வர் எழுந்துவிட்டது. பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோகும்வரை பொறுக்காமல், ஒவ்வொருவர் பேராக, எடுக்க வேண்டிய நீரின் அளவைப் போனிலேயே படித்துச் சொன்னார்.

"நல்லாயிருப்பீகண்ணே," என்றார் தாமரைச்செல்வி.

"என்னையச் சொல்லாதீக மேடம். எந்த ஊருக்காரனோ, அவன் நல்லாயிருக்கட்டும்."

அந்த ஊருக்காரனுக்கு நன்றி எழுதிவிட்டு, காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். திரையில், அதே குழுவில் வேறு யாரோ நேற்றுக் கேட்ட கேள்வி ஒன்று பதிலில்லாமல் கிடந்தது.

"இவன் எங்க உக்காந்து வசவு வாங்கிக்கிட்டு இருக்கானோ."

பொட்டலத்தை மறுபடி மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கீபோர்டை முன்னால் இழுத்தார்.