சட்டைப் பொத்தானும் முகமும்

1. கயிறு

புதுக் கேமரா கடைக்கு வந்த அன்றே அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜப்பான்காரன் காலம். மலாக்காவில் காஜா பேராங் சாலையில் சபாபதி முதலாளியின் படக்கடையில் வேலைக்கு இருந்தேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. படம் கழுவுவேன். பெண்கள் வந்தால் படமும் எடுப்பேன்.

என் கையில் இருந்தது மடக்குகிற பாக்கெட் கேமரா. வயிற்றோடு பிடித்துக்கொண்டு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். யார் முகத்தையும் நேரே பார்க்க வேண்டியதில்லை. தூரம் அளக்க ஒரு கயிறு. ஒரு முனை கேமராவில் இருக்கும். மறுமுனையை உட்காருகிறவர் நெஞ்சில் வைத்துப் பிடிப்பார். கயிறு விறைப்பாக நின்றால் தூரம் சரி. கூச்சப்படுகிறவளுக்கு அதைவிட நல்ல கேமரா கிடையாது.

அதற்கு ஃபிலிம் வருவது நின்றுபோனது. ஊரைவிட்டு ஓடிய வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரரிடம் முதலாளி ஒரு ஜெர்மன் கேமரா வாங்கிவந்தார். அது சினிமா ஃபிலிமில் ஓடும். அந்தத் துண்டுகள் அவருக்கு எங்கிருந்தோ கிடைத்தன. லென்ஸ் இரண்டு. குட்டை ஒன்று, நீளம் ஒன்று. அவர் ஒன்றைத் திருகிக் கழற்றியபோது கண்ணைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

“இனிமே எல்லாரையும் நீதான் எடுக்கணும், அஞ்சலை. எனக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சு. கேமராவுல கண்ணு வச்சுப் பார்க்கிற இந்த ஜன்னல்ல ஒண்ணும் தெரியல.”

“ஆம்பளைங்களையுமா முதலாளி?”

“ஏன், கடிச்சிடுவாங்களா?”

2. பொத்தான்

இது கண்ணோடு ஒட்டிப் பார்க்கிற கேமரா. ஜன்னலில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் ஒன்றாகச் சேரும். அதுதான் ஃபோக்கஸ். ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால், லென்ஸ் மூடியைக் கழற்றாதது தெரியாமலே ஒரு கல்யாண ஜோடியை எடுத்து முடித்தேன். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து வந்தவர் மலாக்கா செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியிலிருந்து ஒரு பெரியவர். நல்ல தொப்பை. நீள லென்ஸைப் போட்டேன். கயிறு பிடித்த பழக்கம், அதோடு ஆண் முகத்தைப் பார்க்கக் கூச்சம். கண்ணை அவர் சட்டைப் பொத்தானில் நிறுத்தி அங்கேயே ஃபோக்கஸ் செய்தேன். வெளிச்சம் குறைவென்று லென்ஸை முழுக்கத் திறந்தும் வைத்திருந்தேன்; அப்படித் திறந்தால் ஃபோக்கஸ் செய்த இடம் மட்டும்தான் தெளிவாக விழும். படத்தில் பொத்தானின் நூல்கூட எண்ணலாம் போலத் தெரிந்தது. பின்னால் இருந்த முகம் ஆவி பட்ட கண்ணாடி மாதிரி மங்கிவிட்டது.

அந்தச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான், அவருக்குத் தமிழ் வராது. படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “காஞ்சிங் சந்தேக், மூக்கா தாடா!” என்றார். பொத்தான் அழகு, முகத்தைத்தான் காணோம் என்று அர்த்தம். முதலாளி சிரித்தார். நான் இருட்டறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

3. மாணிக்கம்

ஒரு காலையில் பொன்னம்மா அக்கா தன் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்தார். மாணிக்கம் அண்ணன் ரப்பர் தோட்டத்து ஆள். சாயங்காலம் சயாமுக்கு லாரி. அங்கே ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் எடுத்திருந்தார்கள். அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை.

“பொறக்கிற பிள்ளைக்கு அப்பா மூஞ்சியக் காட்டணும் தங்கச்சி. ஒரே ஒரு படம்.”

கேமராவில் இருந்த ஃபிலிம் துண்டிலும் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம்.

“அஞ்சலை, பிள்ளைக்குப் பொத்தானைக் காட்ட வச்சிடாதே,” என்றார் முதலாளி, மெதுவாக.

நீள லென்ஸ் போட்டேன். அதில் படம் எவ்வளவு அடங்கும் என்று காட்டுகிற தனி ஜன்னலையும் மேலே மாட்டினேன். மூடியை எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன். ஃபோக்கஸ் ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தால், அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. என்னைவிடக் கூச்சக்காரர். இரண்டு நெற்றி தெரிந்தது, கண்ணே இல்லை. ‘நிமிருங்கண்ணே’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பின்னால் நின்ற அக்கா சொன்னார்: “அவரு அப்படித்தான் தங்கச்சி. தாலி கட்டுறப்ப என் மூஞ்சியப் பார்க்காம, பக்கத்துல நின்ன எங்க சின்னம்மா கழுத்துக்கில்ல கொண்டு போனாரு!”

“ஏய், சும்மா இரு புள்ள,” என்று அவர் சிரித்தபடி நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். நாலு கண் இரண்டாகச் சேர்ந்தது. அமுக்கினேன்.

படம் காய்ந்தபோது லாரி போய்விட்டது. அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். “தாடையில வெட்டுக் காயம். காலையில அவசரமா வழிச்சாரு. நான்கூட கவனிக்கலையே,” என்றார்.

மாணிக்கம் அண்ணன் திரும்பி வரவில்லை.

பல வருஷம் கழித்து அவர் மகள் அந்தப் படத்தோடு கடைக்கு வந்தாள். பெரிதாக்கித் தரக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, “அப்பா எதுக்குச் சிரிக்கிறாருன்னு கேட்டா அம்மா வெட்கப்பட்டுக்கிட்டு சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்கதானே எடுத்தீங்க, அத்தை?” என்றாள்.

இப்போது கேமரா பிடிக்கிற பிள்ளைகளுக்கு லென்ஸ் பற்றிச் சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. நான் சொல்வது இதுதான்: எதிரே இருக்கிறவரைக் கூச்சப்படாமல் பாருங்கள். அன்று நான் பார்த்திருந்தேன், அவர் எதைக் கேட்டுச் சிரித்தார் என்றும் தெரியும். அதனால் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, சின்னம்மா கழுத்துக்குப் போன தாலியின் கதையைச் சொன்னேன். அவள் படத்தில் இருக்கிறவர் மாதிரியே சிரித்தாள்.