மூன்றாவது கம்பம்

எண்பதுகளில் மாத்தளைக் கழகமொன்றில் சம்பளத்துக்கு உதைபந்து ஆடினோம். எங்கள் கோல் காப்பாளர் நெட்டையான மனிதர். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கோல் கம்பங்களையும் தொட்டுக்கொள்வார்.

பின்வரிசையில் ஆடிய எனக்கு முழங்கால் முறிந்த வருடம், "நொண்டிக்கு எதுக்கு ஒப்பந்தம்?" என்றார் செயலாளர். கோல் காப்பாளர் தன் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

"அவன் இல்லேன்னா நானும் இல்லீங்க. கண்டி டீம் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

செயலாளர் முணுமுணுத்தபடி எனக்கும் ஒப்பந்தம் எழுதினார்.

வெளியே வந்ததும், "எனக்காக ஏண்ணே?" என்றேன்.

"நீ விட்ட பந்தையெல்லாம் பிடிச்சுத்தானேடா எனக்குப் பேரு வந்துச்சு!"

அது பாராட்டா, ஏச்சா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நான் மீண்டும் ஆட வந்த அன்று, இரண்டு கம்பங்களையும் தொட்டவர், என்னிடம் வந்து குனிந்து என் முழங்காலையும் தொட்டுக்கொண்டார்.