கிருமி செத்த பிறகும் வீங்கிய மடி

1. வாசலில் நின்ற மொபெட்

சோமனூருக்குப் பக்கத்தில் ருக்குமணியக்கா வீடு. அவருடைய ஜெர்சி கலப்பு மாடு தலையை வயிற்றுப் பக்கம் திருப்பிப்போட்டுப் படுத்துக் கிடந்தது. காது சில்லென்றிருந்தது. மதியம் நான் ஊசி போட்டபோது நின்றுகொண்டிருந்த மாடு அது. ஆனால் மாடு சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தபோது நான் முதலில் பார்த்தது மாட்டை அல்ல, வாசலில் நின்ற நீல மொபெட்டை. அது டாக்டர் பரிமளாவுடையது.

பரிமளா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். அடுத்த ஊர் கால்நடை மருந்தகத்தில் இருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் என் மருந்தகத்தைத் தாண்டிக்கொண்டு மாட்டை அங்கே ஓட்டிப் போவார்கள். கேட்டால், "அந்தம்மாவுக்குக் கைராசிங்க" என்பார்கள். தேர்வில் அவரைவிட நான் அதிக மார்க் வாங்கியவன். கைராசிக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

அன்று சனிக்கிழமை. மனைவிக்கு அலுவலகம் இருந்ததால், அரை நாள் பள்ளி முடிந்த மகள் நித்யாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கேஸ் பார்க்கப் போயிருந்தேன். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு.

2. மதியம் நடந்தது

மாடு கன்று போட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வலது பின்காம்புப் பக்கம் மடி கல்லாக இறுகியிருந்தது, தொட்டால் மாடு உதைத்தது. கறந்தால் பால் வரவில்லை. மஞ்சள் தண்ணீரில் திரிதிரியாக ஏதோ வந்தது. நல்ல காய்ச்சல். சாணிக் கிருமியால் வரும் மடிவீக்க நோய், மாஸ்டைடிஸ், என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றினேன்.

"நாளைக்கு எந்திரிச்சு மேயுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்குப் போனேன்.

ருக்குமணியக்காவுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அவர் கணவர் ஓட்டிய தறி நின்று போயிருந்ததால் சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் அடுப்பு எரிந்தது.

3. "உங்க ஊசியாலதானா?"

நான் உள்ளே நுழைந்ததும் ருக்குமணியக்கா எழுந்தார். "ஏனுங்க டாக்டரு, நீங்க ஊசி போட்டுப்போட்டுப் போன பொறவுதானுங்க இப்படிச் சாஞ்சு போச்சு! அதுவரைக்கும் நின்னுட்டாவது இருந்துச்சுங்க."

நித்யா என் சட்டையைப் பிடித்தாள். "அப்பா, உங்க ஊசியாலதானா?"

அந்தப் பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பரிமளா பேசிவிட்டார். கழுத்து நரம்பில் செலைன் ஏற்றிக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அக்கா, அவர் போட்டது சரியான ஊசிங்க. கிருமியெல்லாம் சாவுது. ஆனா செத்த கிருமியோட மேல்தோலு ஒடஞ்சு மடிக்குள்ளயே கெடக்குதுல்ல? ஒடம்புக்கு அது உசுரோட இருக்குதா செத்துப்போச்சான்னு தெரியாதுங்க. அந்தத் தோலு பட்டாலே சண்டைக்குப் போயிரும். அதான் வீக்கம். அது ரத்தத்துல கலந்ததுனாலதான் மாடு சாஞ்சிருச்சு."

"அப்ப கிருமியக் கொன்னதே தப்புங்களா?"

"கொல்லாட்டி இன்னும் பெருகுமுங்க. கொன்னுபோட்டு அந்தக் குப்பையையும் கூட்டித் தள்ளோணும். கொன்னது அவரு. நான் கூட்டித் தள்ள வந்தவ, அவ்வளவுதானுங்க."

கல்லூரியில் எண்டோடாக்சின் என்று நானும் படித்ததுதான். கிருமியின் செல்சுவரில் இருக்கும் பொருள் அது. கிருமி வேகமாகச் சாகும்போது மொத்தமாக வெளியே கொட்டும்.

ருக்குமணியக்கா என்னிடம் திரும்பினார். "பாத்தீங்களா, எத்தன பெரிய மனசு! உங்கள விட்டுக்குடுக்காமப் பேசறாங்க."

என்மேல் விழுந்த பழியை இறக்கிவைத்ததிலும் நல்ல பெயர் பரிமளாவுக்கே போனது. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"நீங்க கறங்க" என்றார் பரிமளா என்னிடம். வீக்கத்துக்கான ஊசியை அவர் போட்டார். நான் மண்ணில் உட்கார்ந்து அந்தக் காம்பை விட்டு விட்டுப் பீய்ச்சிக்கொண்டே இருந்தேன். நித்யா செலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள், பரிமளா பக்கத்தில்.

மறுநாள் காலையில் மாடு எழுந்து நின்றது. அந்த ஈற்றுக்கு, அடுத்த கன்று போடும்வரை, அந்தக் காம்பில் பால் வரவில்லை. மற்ற மூன்றில் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நித்யா பரிமளா ஆன்ட்டியைப் பற்றியே பேசினாள்.

4. இளைய டாக்டர்களுக்கு

இந்த நோயில் மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரம்தான் மாட்டுக்கு ஆபத்தான நேரம். செலைனும் வீக்கத்துக்கான ஊசியும் பையில் இல்லாமல் போகாதீர்கள். நாளைக்கு எழுந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஊசி போடும் முன்பே, இன்னும் சோர்ந்து போகலாம், விடாமல் கறந்து கீழே ஊற்றுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அன்றிலிருந்து ஒரு வீட்டிலும் நான் இதைச் சொல்லாமல் ஊசியை எடுத்ததில்லை. அப்படியும், போட்டுவிட்டு வந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நித்யா இந்த வருடம் கால்நடைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அன்று அவள் என்னைப் பார்த்ததுபோல ஒரு நாள் அவளையும் யாராவது பார்ப்பார்களே என்று எனக்குப் பயம். போன விடுமுறையில் என்னோடு ஒரு மடிவீக்கக் கேஸுக்கு வந்தாள். நான் பையைத் திறப்பதற்குள் மாட்டுக்காரரிடம் சொன்னாள்: "ஊசி போட்டதும் இன்னும் சோந்து போனாலும் போகுமுங்க, பயந்துக்காதீங்க. விடாமக் கறந்து கீழ ஊத்தீருங்க."

நான் சொல்லும் அதே வார்த்தைகள், அதே வரிசையில்.

அவர் பூரித்துப் போனார். "நல்லா வெவரமாச் சொல்றீங்க அம்மணி. அப்பாகிட்டக் கத்துக்கிட்டதுங்களா?"

"இல்லீங்க, பரிமளா ஆன்ட்டிகிட்ட."

நான் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினேன்.