சாமி விளக்கு அணையாமல் இருக்க நான் செய்த வேலை

போன வியாழக்கிழமை பினாங்குக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியா கடைவீட்டு மாடியில் இருக்கும் என் அக்காவுக்கு வலது கையில் மாவுக்கட்டு. அதற்குக் காரணம் நான்தான்.

போன வருஷம் அக்கா வீட்டுக் கூரையில் இரண்டு சோலார் பலகை, ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தேன். லைசென்ஸ் கிடையாது, வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. இந்த வலைப்பூவிலேயே பீற்றிக்கொண்டு ஒரு பதிவும் போட்டேன். மழை பெய்தால் டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். கூடவே சாமி மேடை விளக்கும் அணையும். அக்காவுக்கு அது அபசகுனம். உடனே எனக்குப் போன் வரும். கரண்ட் எங்கோ கசிகிறது என்றுதான் அந்தச் சுவிட்ச் விழுந்தது. மடையன் நான், கசிவைத் தேடவில்லை. உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராக இணைத்து, சுவிட்சுக்கு வேலையே இல்லாமல் செய்தேன். அப்புறம் விளக்கு அணையவில்லை. அந்த வித்தையையும் பழைய பதிவில் சேர்த்து எழுதினேன். அக்கா அக்கம்பக்கமெல்லாம் என் பெருமை பேசினாள்.

போன செவ்வாய்க்கிழமை மழையில், பின்பக்கம் துணி எடுக்கப் போயிருக்கிறாள். கொடிக்கம்பி தகரக் கூரையில் கட்டியது. போனில், "கம்பி புடிச்சு இழுத்துச்சு லா தம்பி, விழுந்துட்டேன்" என்றாள். மெயின் சுவிட்சை அடைக்கச் சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

ஈப்போவில் காலை 8.10க்கு ரயில், பட்டர்வொர்த்தில் 10.05க்கு இறங்கினேன். டிக்கெட் 31 வெள்ளி (ரிங்கிட்). நிலையத்திலிருந்து பெர்ரிக்கு நடந்தே போகலாம். பெர்ரி 2 வெள்ளி, சில்லறை வாங்க மாட்டார்கள், கார்டு வைத்திருங்கள். எல்லாரும் கடலைப் படம் எடுத்தார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி அக்கா வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை.

செபராங் ஜெயாவிலிருந்து சலீம் அண்ணே வந்திருந்தார், லைசென்ஸ் உள்ள வயர்மேன். பின்பக்க விளக்குக்குப் போகும் வயரைத் தகர விளிம்பு அறுத்திருந்ததைக் கண்டுபிடித்தார். கூரைக்கும் பலகைச் சட்டத்துக்கும் எர்த் வயரே இல்லை. கடைசியாகச் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"யாரு செஞ்ச வேலை இது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "முன்னாடி ஒரு ஆளு வந்தாண்ணே. பேரு தெரியாது."

"ஆளைக் கொல்லப் பார்த்திருக்கான்," என்றார் சலீம் அண்ணே.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மாலை நாலு மணிக்குள் வயரைக் குழாய்க்குள் போட்டு, எர்த் அடித்து, புது டிரிப் சுவிட்ச் மாட்டினார். டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் டப்பென்று விழுந்தது, சாமி விளக்கும் அணைந்தது. அக்கா இடது கையால் கும்பிட்டாள். கிளம்பும்போது அதே இடது கையால் எனக்குச் சோறும் கட்டிக் கொடுத்தாள். ரயிலில் அதைப் பிரிக்க மனசு வரவில்லை.

சோலார் வைத்திருப்பவர்களுக்கு: சின்ன அமைப்பு என்று விதியில் சலுகை கிடையாது. பலகைச் சட்டத்துக்கு எர்த் வேண்டும். வீட்டு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் டிரிப் கேளுங்கள், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சும்மா சும்மா விழுந்தால் சுவிட்சைத் திட்டாமல், லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். என் பழைய பதிவை அழித்துவிட்டேன். அதைப் பார்த்து யாராவது என்னைப் போல வயரை இணைத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் போய் மெயினை அடைத்துவிடுங்கள்.

இந்தப் பதிவைச் சலீம் அண்ணனுக்கும் அனுப்பிவிட்டேன். அக்கா தெரியாது என்று சொன்ன அந்த ஆளின் பேர், இந்த வலைப்பூவின் உச்சியில் என் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.