சண்முகப்பிரியாவின் அப்பா

பதினான்காம் எண் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வெளியே வந்ததும் சோமாய் தன் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துத் தொங்கவிடுகிறான். அப்படியே மாடிப்படி இறங்கி, வரவேற்பு மேசைக்கு வந்து, சட்டைப் பையில் இருப்பதையும் எடுத்து வைக்கிறான். ஒரு செல்போன், ஒரு சீப்பு, பாதி தின்ற கடலைமிட்டாய். இப்படிச் செய்யச் சொல்லி அவனை யாரும் கேட்டதில்லை. லாட்ஜ் மேனேஜர் மகாராஜாவுக்கு இதைக் கண்டாலே எரிச்சல்.

"ஏலே, ஒன்ன இப்பம் யாரு திருடன்னு சொன்னா? எல்லாத்தையும் எடுத்து உள்ள போடு. கஸ்டமர் பாக்காவ."

"சொல்லல அண்ணாச்சி. சொல்லுததுக்கு முன்னால நாமளே காட்டிட்டா நல்லதுல்லா?"

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு குற்றாலச் சீசனில், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாள் ஒருவரின் மோதிரம் காணாமல் போயிற்று. சாயங்காலம் அவருடைய சோப்புப் பெட்டிக்குள்ளேயே அது கிடைத்தது. காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் மொட்டைமாடி அறையில் தனக்கு என்ன நடந்தது என்று சோமாய் யாரிடமும் சொன்னதில்லை. இடது காது மட்டும் அன்றிலிருந்து கொஞ்சம் மந்தம். அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு பார்ப்பான்.

குற்றாலத்துக்கு அவன் இந்திக்காரன். உண்மையில் அவனுக்கு இந்தி சுமார்தான். முழுப்பெயர் சோமாய் ஹேம்ப்ரம். சொந்த ஊர் ஜார்க்கண்டில் தும்கா பக்கம் ஒரு காட்டோரக் கிராமம். வீட்டில் பேசுவது சந்தாலி. அங்கே டவுனுக்குப் போனால் 'காட்டான்' என்பார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலேறி வந்தால் இங்கே 'வடக்கன்' என்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மகாராஜா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நெறத்தப் பாத்தா நம்ம பய மாதிரிதான் இருக்க. மூஞ்சி மட்டும் வேற என்னமோ சொல்லுதேலே" என்றார். சோமாய் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். பல் முழுக்கத் தெரிகிற, கண்ணுக்கு எட்டாத சிரிப்பு. விவரம் தெரியாதவர்கள், "எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம், நல்ல பய" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முக்குக் கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரிலும் அவனுக்கு மட்டும் பேப்பர் கப்பிலும் டீ வரும்போது சிரிப்பான். "ஒங்க ஊர்ல சோறு கெடையாதாம்லா, நெசமா?" என்று கேட்டால் சிரிப்பான். சாவியை அவன் கையில் கொடுக்காமல் மகாராஜாவைத் தேடிப் போய்க் கொடுக்கிற விருந்தாளியைப் பார்த்தும் சிரிப்பான்.

ஏழு வருடமாகக் குற்றாலத்தில் பிழைக்கிறவன் இன்றுவரை அருவியில் தலை நனைத்ததில்லை. சென்னையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஜனங்கள் குளிக்கிற தண்ணீர் கூப்பிடு தூரத்தில் விழுகிறது. இவன் லாட்ஜுக்குப் பின்னால் துவைகல் பக்கத்துக் குழாயில் குளிக்கிறான். "குத்தாலத்துல இருந்துக்கிட்டு கொழாயில குளிக்கவன் நீ ஒருத்தன்தாம்லே" என்று மகாராஜா கேலி செய்வார். அருவிக்கரை நெரிசலில் யார் கழுத்துச் சங்கிலியாவது அறுந்து விழுந்தால் முதலில் எவன் சட்டையைப் பிடிப்பார்கள் என்று சோமாய்க்குத் தெரியும். சட்டை இல்லாமல் நிற்கும்போது எதைப் பிடிப்பார்களோ என்று கூடுதலாக ஒரு பயம்.

இத்தனையும் அவன் தனக்காகப் பட்ட பயம். அதை அவன் பழகிக்கொண்டான். மகள் பிறந்த பிறகு வந்த பயம் வேறு, அதைப் பழக முடியவில்லை.

குடியிருப்பது இலஞ்சியில், தென்னந்தோப்பு ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு. 'வடக்கத்தி ஆளுகளுக்கு வீடு விடுததில்ல' என்று ஏழெட்டுப் பேர் கதவைச் சாத்திய பிறகு கிடைத்தது. மனைவி மைனோ தென்னைநார் கம்பெனிக்குப் போகிறாள். மகள் தென்காசி ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளிதான் யோசனை சொன்னார்: "நம்ம இலஞ்சி முருகன் பேரா வையி. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ." அப்படித்தான் பிள்ளை சண்முகப்பிரியா ஆனாள். வீட்டுக்குள் மட்டும் சுமி.

சோமாய் அதோடு விடவில்லை. கடைத்தெருவில் ஒருநாள் பிள்ளை அவனை 'பாபா' என்று கூப்பிட, கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து, "ஏது, இந்திக்காரங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் சட்டம் போட்டான். வாசல் தாண்டினால் தமிழ்தான். வாசல் தாண்டினால் 'பாபா' கிடையாது. நாலு பேர் கூடி நின்றால் வாயே திறக்கக் கூடாது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், நெற்றியில் திருநீறு, பேச்சில் 'அங்கன இங்கன' எல்லாம் சேர்ந்து ஐந்து வயதுக்குள் அவள் அச்சு அசல் இலஞ்சிப் பிள்ளை ஆகிவிட்டாள். பார்க்கிறவர்கள், "நம்ம பிள்ள மாதிரியே பேசுதா" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். மகளை ஊருக்குள் ஒளித்து வைத்துவிட்டதாக அவனுக்கு ஒரு நிம்மதி.

இந்த வருடம் சீசன் தொடங்கியதும் வாட்சப்பில் ஒரு ஆடியோ கிளம்பியது. யாரோ ஒரு பெண் மூச்சு வாங்கப் பேசுகிறாள். வடக்கேயிருந்து ஒரு கூட்டம் இறங்கியிருக்கிறதாம், போர்வை விற்கிற மாதிரி, பொம்மை விற்கிற மாதிரி வந்து பிள்ளைகளைத் தூக்குகிறதாம், உஷாராக இருக்க வேண்டுமாம். போலீஸ் அதைப் பொய் என்று அறிவித்தது. பொய்யைக் கேட்டவர்களில் பாதிப் பேர்கூட அறிவிப்பைக் கேட்கவில்லை. மகாராஜா அந்த ஆடியோவை வரவேற்பு மேசையில் சத்தமாகப் போட்டுக் கேட்டார். எதிரே தரை துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. "ஒன்னச் சொல்லலலே, நீ நம்ம ஆளு" என்றார் அவர், கடைசியில் நினைவு வந்தவராக.

அதன் பிறகு சோமாய் மகளைத் தெருவில் தூக்குவதை நிறுத்திவிட்டான்.

ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாரல் விடவில்லை, லாட்ஜில் ஓர் அறை காலியில்லை. பதினோரு மணி வாக்கில் ஆனந்தவள்ளியிடமிருந்து போன் வந்தது.

"சோமாயி, பிள்ள கொழாயடியில பாசி வழுக்கி விழுந்துட்டா. கை வீங்கிப் போயி நிக்கி, ஒடஞ்சிருக்கும் போல. மைனோ போன எடுக்கமாட்டேங்கா. நீ ஒடனே வா."

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினான். முழங்கைக்குக் கீழே கை ஒரு மாதிரி வளைந்திருந்தது. பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தாள். ஆனந்தவள்ளியின் வீட்டுக்காரர் வாதத்தில் படுத்த படுக்கை. அவரைத் தனியே விட்டுவிட்டு அந்த அம்மாளால் கிளம்ப முடியாது.

"எங்க தம்பிய வரச் சொல்லியிருக்கேன். அவன் வந்ததும் நானும் கூட வாரேன். அர மணி நேரம் பொறு. நீ தனியாத் தூக்கிட்டுப் போவாத, கேட்டியா?"

ஏன் என்று அந்த அம்மாளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பத்து நிமிடம் பொறுத்தான். அதற்கு மேல் எந்தத் தகப்பனாலும் பொறுக்க முடியாது. ஒரு துண்டால் கையை உடம்போடு கட்டி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற விலக்குக்கு நடந்தான். ஆட்டோக்களெல்லாம் அருவிக்குப் போயிருந்தன. தென்காசி போகிற மினி பஸ்தான் வந்தது.

பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. குதிக்குந்தோறும் பிள்ளை அலறினாள். இடமில்லாமல் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த சோமாய், அவள் காதோடு எதுவும் சொல்லத் துணியவில்லை. சந்தாலி வாய் வரை வந்து நின்றது. தமிழில் ஆறுதல் சொல்ல வரவில்லை. சும்மா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு அம்மா வேணும்!" என்றாள் பிள்ளை, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு அம்மாட்ட போணும்! என்ன அம்மாட்ட கொண்டு விடு!"

தலைகள் திரும்பின. நாம் இருந்திருந்தாலும் திரும்பித்தான் இருப்போம்.

முதலில் கேட்டவர் சொரிமுத்து, போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் கடுமை இல்லை. "பாப்பா, ஒம் பேரென்னம்மா?"

"சண்முகப்பிரியா."

"வீடு எங்கன?"

"இலஞ்சி."

சொரிமுத்துவின் பார்வை பிள்ளையின் திருநீற்றிலிருந்து சோமாயின் முகத்துக்கு ஏறியது. அங்கேயே நின்றது. "இவரு யாரு?"

பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். நாலு பேர் கூடிவிட்டார்கள் அல்லவா? அப்பா சொல்லிக் கொடுத்தபடி உதட்டை இறுக்கிக்கொண்டு, விம்மலைக்கூட அடக்கினாள்.

"என் மவதான் அண்ணாச்சி" என்றான் சோமாய். சிரித்தான்.

"சிரிக்கான் பாருங்க! பிள்ள கதறுது, இவன் சிரிக்கான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். டிரைவர் வயற்காட்டு நடுவில் வண்டியை ஓரங்கட்டினார். இரண்டு மூன்று செல்போன்கள் உயர்ந்தன. "பேரு சண்முகப்பிரியாங்கு, இந்திக்காரன் எப்படிலே அப்பனாவான்?" "கைய வேற துண்டு வச்சிக் கட்டியிருக்கான்!" "எறக்குங்கலே கீழ!" யாரோ அவன் காலரைப் பிடித்தார்கள். ஏழு வருடமாகச் சேர்த்த தமிழ் அந்த நேரத்தில் அவனை விட்டுப் போயிற்று. போனை எடுத்தான், வீட்டில் எடுத்த படத்தைக் காட்டலாம் என்று. போன் கை நழுவி பஸ் தரையில் விழுந்து யார் காலுக்கடியிலோ போய்விட்டது. இடது பக்கமிருந்து ஓங்கிய கையை அவன் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. உதடு கிழிந்தது. பிள்ளையை மட்டும் விடவில்லை. அவளைப் பிடுங்க நீண்ட கைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியோடு ஒட்டிக் குனிந்துகொண்டான். இங்கேதான் சாகப்போகிறோம் என்று நினைத்தான். பிள்ளை பார்க்கச் சாகப்போகிறோம் என்பதுதான் அவனைக் கலங்கடித்தது.

அவன் ரத்தம் பிள்ளையின் கன்னத்தில் சொட்டியது.

"பாபா!" என்று அலறினாள் சுமி. "எங்க பாபாவ அடிக்காதிய! பாபா! பாபா!" உடனே அடக்கி வைத்த சந்தாலி முழுக்க மடை திறந்துகொண்டது. பஸ்ஸில் ஒருவருக்கும் அதில் ஒரு சொல் புரியவில்லை. நல்ல கையால் அவன் கழுத்தை இறுக்கிக்கொண்டு, அழுதுகொண்டே, பேசிக்கொண்டே இருந்தாள்.

முன் இருக்கையிலிருந்து பாத்திமுத்து என்ற வயதான அம்மாள் எழுந்தார். "ஏய், விடுங்கலே அந்தாள! பிள்ள அவன் கழுத்தக் கட்டிக்கிட்டுக் கெடக்கு, தெரியலயா? கை ஒடிஞ்ச பிள்ளைய வச்சிக்கிட்டு இங்கன பஞ்சாயத்து பண்ணுதாவ!"

காலரிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக விலகின. பிடித்திருந்தவர்களில் ஒருவன் கசங்கிய காலரை நீவிக்கூட விட்டான். "நாங்க நல்லதுக்குத்தான் கேட்டோம். காலம் அப்படி இருக்கு" என்றார் சொரிமுத்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. யாரோ போனைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள், யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். எடுத்த வீடியோவை அழிக்கிறேன் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்றான் சோமாய், எல்லோரையும் பார்த்து.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். நர்சம்மா அவன் உதட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர், பாசி" என்றான். மைனோ தலை முழுக்க நார்த்தூசியோடு ஓடி வந்தாள். அவளிடமும் அதையே சொன்னான். சுமி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மூவரும் வெளியே வந்தார்கள். கேட்டுக்கு அப்பால் சாலை முழுக்க ஜனம், அருவியில் குளித்துவிட்டு வந்த ஈரத்தலைகள். இனி என்ன ஆனாலும் சரி என்றுதான் சோமாய்க்கு இருந்திருக்க வேண்டும். நடு வழியில், எல்லோரும் பார்க்க, முழங்காலை மடக்கிக் குனிந்து மகளிடம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

சுமி சாலையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வேண்டாம். நான் நடந்தே வாரேன்."

"கை வலிக்கும்லாம்மா. வா."

"எல்லாரும் பாக்காவ" என்றாள் மெதுவாக. மாவுக்கட்டு போடாத கையால் அவன் நீட்டிய கைகளை, முதலில் ஒன்று, பிறகு மற்றது, கீழே இறக்கிவிட்டாள்.