மாப்பிள்ளை வாட்ச்சுக்குள் ஒரு திருகாணி

அக்காவின் தலைத் தீபாவளிக் காலையில், தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் இருந்த எங்கள் வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் 'கிலுக்' என்றது. கோப்பையை வைத்தாலும் 'கிலுக்'. கல்யாணத்தன்று அப்பா அவர் கையில் கட்டிவிட்ட வாட்ச் அது. கொழும்புக்குப் போய், புறக்கோட்டையில் தானே தேடி வாங்கிவந்து, பந்தலில் இருந்த அத்தனை பேரிடமும் "ஒரிஜினல்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டியது. முகப்பில் கம்பனியின் பெயர் ஒரு மயிரிழை கோணலாக ஒட்டியிருந்ததை அன்றைக்கே கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்கும் சத்தம் கேட்டுவிட்டது. "ஒரிஜினல்ல இப்பிடிச் சத்தம் வரக்கூடாதுங்க மாப்பிள. நாளைக்கு அட்டன் டவுன்ல வாட்ச் கடையில காட்டிருவோம், நானும் வாறேன்" என்றார். கடைக்காரர் மூடியைத் திறந்து பத்துப் பேர் முன்னால் போலி என்று சொல்வதும், அப்பா வாட்ச்சைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போடுவதும் என் கண்ணுக்குத் தெரிந்தன. அவர் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே கதை லயத்துக்கு வந்துவிடும். நானே பார்த்துத் தருகிறேன் என்றேன். வயரிங் படிக்கிறவளுக்கு வாட்ச்சைப் பற்றி என்ன தெரியும் என்று அப்பா சிரித்தார். அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் எனக்கு இரண்டாம் வருடம். வாட்ச்சை நான் திறந்ததே இல்லை. ஆனாலும் விடவில்லை.

அப்பா கோயிலுக்குப் போனதும் வெள்ளைத் துணியை விரித்து உட்கார்ந்தேன். காரணம் மூன்றாக இருக்கலாம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்: கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் அரைவட்டத் தட்டு தளர்ந்திருக்கலாம், இயந்திரம் கூட்டுக்குள் ஆடலாம், ஏதாவது உடைந்து உள்ளே கிடக்கலாம். அத்தான் எதிரே அமர்ந்து போனில் வெளிச்சம் பிடித்தார். அவர் பார்ப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் இயந்திரத்தோடு நாள் முழுக்க நிற்கிற மனிதருக்கு, எஃகு எது பிளாஸ்டிக் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூடி கழன்றது. உள்ளே மலிவான பிளாஸ்டிக் வளையம். கம்பனிப் பெயர் எங்கும் இல்லை. இயந்திரத்தைக் கூட்டோடு பிணைக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்று கழன்று, அரைவட்டத் தட்டுக்கு அடியில் உருண்டுகொண்டிருந்தது. ஓரமெல்லாம் பழுப்பாகத் தேயிலைத் தூள். நான் தலை நிமிரவில்லை.

"எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும் புள்ள" என்றார் அத்தான். "நீ ஸ்குரூவ இறுக்கு. மாமா வந்துருவாரு."

இறுக்கினேன். திருகாணி இரண்டு முறை துணியில் விழுந்தது. மூன்றாம் முறை பிடித்தது. மூடியைப் போடும்போது அப்பா வாசலில் நின்றார். என்ன கோளாறு என்று கேட்டார். அத்தான் முந்திக்கொண்டார்: "ஒண்ணுமில்ல மாமா, ஒரு ஸ்குரூ லூசு. அந்த மெசின் பக்கத்துல நின்னா மனுசனே லூசாயிருவான், ஒரிஜினல் வாட்ச் மட்டும் என்னா செய்யும்?" அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அட்டன் பயணம் அதோடு நின்றது.

அந்தத் தேயிலைத் தூளைப் பற்றித்தான் நான் பல நாள் யோசித்தேன். எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் கல்யாண வாட்ச்சை அலுமாரியில் வைத்துவிடுவார்கள். திருவிழாவுக்கு மட்டும் எடுப்பார்கள். இவரோ போலி என்று தெரிந்தும் தினமும் வேலைக்குக் கட்டிப்போயிருக்கிறார். அந்த அதிர்விலே கழன்ற திருகாணி அது.

இப்போது நான் பொல்பிட்டியப் பக்கம் மின்நிலையத்தில் அளவைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். சரியான கருவிகள் இருக்கின்றன, திருகாணி கழலாமல் பிடிக்கும் பசையும் இருக்கிறது. போன வாரம் லீவில் வீட்டுக்குப் போனபோது அத்தான் வந்திருந்தார். தேநீர்க் கோப்பையைத் தூக்கினார், 'கிலுக்'. அப்பா வாட்ச்சைக் கேட்டு வாங்கிக் காதோரம் வைத்து நன்றாகக் குலுக்கினார். அடுத்த அறையிலிருந்த அக்கா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். அப்பாவுக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம்.

"பாத்தீங்களா மாப்பிள, இத்தன வருசமாகியும் ஒரு சத்தம் இல்ல" என்றார். "ஒரிஜினல்னா ஒரிஜினல்தான்."

"ஆமாங்க மாமா" என்று அத்தான் உரக்கச் சொன்னார். நான் வெள்ளைத் துணியை விரித்தேன்.